காய்ச்சல் நாளில் எடுத்த பி.எஸ்.ஏ.வை வைத்துப் பயப்படலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. ஓராண்டாகச் சிறுநீர் மெல்லிய தாரையாகத்தான் வருகிறது, முக்கினால்தான் முடிகிறது. இரவில் நான்கு முறை எழுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வந்தன. அப்போது எடுத்த ஸ்கேனில் புராஸ்டேட் 52 கிராம் என்றும், சிறுநீர் கழித்த பிறகும் 140 மி.லி. மிச்சம் இருக்கிறது என்றும் வந்தது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. 9.4. ஆன்டிபயாடிக் முடித்துவிட்டேன், காய்ச்சல் இல்லை. டாம்சுலோசின் மாத்திரை எழுதித் தந்தார்கள். ஆரம்பித்தால் ஆயுள் முழுவதும் விட முடியாது என்று உறவினர் ஒருவர் சொன்னதால் இன்னும் தொடவில்லை. இது புற்றுநோயா? அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதிப் பங்கு சிறுநீர்ப்பைக்கு என்றால், மீதிப் பங்கு அந்த 9.4க்கு என்று நினைக்கிறேன். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி தயாரிக்கும் ஒரு புரதம். விந்தை நீர்க்கச் செய்வது அதன் வேலை. அதில் சிறிதளவு ரத்தத்தில் கசிவது இயல்பு. சுரப்பியில் தொற்று வந்து வீங்கினால் கசிவு பல மடங்காகிவிடும். குளிர்காய்ச்சலும் எரிச்சலும் இருந்த நேரத்தில் எடுத்த அளவை வைத்துப் புற்றுநோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. அந்த நேரத்தில் இந்தப் பரிசோதனையை எழுதியிருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. தொற்று அடங்கி ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து மீண்டும் எடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவும் சைக்கிள் ஓட்டுவதும் வேண்டாம். அப்போதும் அளவு கூடுதலாகவே இருந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐ.; அதில் சந்தேகம் தெரிந்தால் பயாப்ஸி, அதாவது சிறு திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது.

வயதினால் வரும் புராஸ்டேட் வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. வீக்கம் சிறுநீர்க்குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதியில் வருவது; புற்றுநோய் பெரும்பாலும் பின்புற ஓரத்தில் தொடங்குவது. ஒரே சுரப்பியில் இரண்டும் இருக்கலாம் என்பதால்தான் ஆசனவாய் வழியாக விரல்விட்டுத் தொட்டுப் பார்க்கிறோம். அரை நிமிட வேலை. வெட்கப்பட்டு இதைத் தவிர்ப்பவர்கள் பலர். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

அடுத்து 52 கிராம். இளம் வயதில் இந்தச் சுரப்பி ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். ஆனால் எடைக்கும் தொல்லைக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. 100 கிராம் வைத்துக்கொண்டு தாராளமாகச் சிறுநீர் கழிப்பவர்கள் உண்டு. 30 கிராமிலேயே அடைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. சுரப்பியின் நடுப்பகுதியான நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் நீட்டிக்கொண்டு வளர்ந்தால், முக்க முக்க அதுவே மூடிபோல் பையின் வாயை அடைக்கும்.

140 மி.லி. மிச்சம் என்பதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஸ்கேனுக்கு எப்படிப் போனீர்கள்? ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்து, தொடையை இறுக்கிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்து, கடைசியில் 'போய்விட்டு வாருங்கள்' என்றதும் ஓடியிருப்பீர்கள். அளவுக்கு மீறி விரிந்த பை முழுவதுமாகச் சுருங்காது. மிச்சம் கூடுதலாகத்தான் காட்டும். வழக்கமான உந்துதல் வரும்போது கழித்து, உடனே பார்ப்பதுதான் சரியான அளவு. யூரோஃப்ளோ சோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். ஒரு புனலுக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். இயந்திரம் வேகத்தைக் கோடாக வரையும். தடையில்லாதவருக்கு மேடுபோல் ஏறி இறங்கும். அடைப்பு உள்ளவருக்குத் தரையோடு தரையாக நீண்டுகொண்டே போகும். உச்ச வேகம் நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் என்றால் நல்லது, 10க்குக் கீழே என்றால் அடைப்புக்கு வாய்ப்பு அதிகம். குறைந்தது 150 மி.லி. கழித்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். சிறுநீர்ப்பைத் தசையின் பலவீனத்தாலும் வேகம் குறையலாம் என்பதையும் மனதில் வைக்கிறோம்.

இதையெல்லாம்விட எனக்குப் பயன்படுவது நீங்களே வீட்டில் செய்யக்கூடிய ஒன்று. அளவுக்கோடு போட்ட ஒரு குவளை, ஒரு தாள். மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் மணியையும் அளவையும் எழுதுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த தண்ணீர் எல்லாம் அதில் இருக்கட்டும். இரவில் ஒவ்வொரு முறையும் 80, 100 மி.லி. என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீர்ப்பையையும் புராஸ்டேட்டையும் சந்தேகிப்போம். ஒவ்வொரு முறையும் 300, 400 என்று போய், காலையில் எழுந்ததும் கழிப்பதையும் சேர்த்து இரவுப் பங்கு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் கதையே வேறு: இரவில் சிறுநீரே அதிகமாக உற்பத்தியாகிறது. மாலையில் கால் வீங்குகிறதா, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா, சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று கேட்போம். புராஸ்டேட்டை அறுத்த பிறகும் இரவில் நான்கு முறை எழுபவர்களில் பலருக்கு இந்தத் தாளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி மாத்திரை. டாம்சுலோசின் சுரப்பியைச் சுருக்காது; சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும். நிறுத்தினால் பழைய தொல்லை திரும்பும், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது என்பதற்காக யாரும் கண்ணாடிக்கு அடிமையானதாகச் சொல்வதில்லை. விந்து குறைவாக வரலாம் அல்லது வராமல் போகலாம். அதனால் கெடுதல் இல்லை. கண்புரை அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால் மட்டும் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு வேறு வகை. பலன் தர ஆறு மாதம்கூட ஆகும், பி.எஸ்.ஏ.வையும் பாதியாகக் குறைத்துக் காட்டும். உங்கள் 9.4 என்னவென்று தெரியும்வரை அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டியதில்லை. சிறுநீர் முழுவதும் அடைத்து, டியூப் போட்டு வடித்து, அதை எடுத்த பிறகும் போகாவிட்டால், தொற்று திரும்பத் திரும்ப வந்தால், பையில் கல் சேர்ந்தால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டால், மாத்திரைக்குப் பிறகும் வாழ்க்கை தொல்லையாகவே இருந்தால், அப்போது பேசுவோம். பெரும்பாலும் வெளியே வெட்டாமல், சிறுநீர்க்குழாய் வழியாகவே கருவியையோ லேசரையோ செலுத்திச் செய்கிறார்கள்.

சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரே இரவில் சிறுநீரை அடைத்துவிடக்கூடும், கேட்காமல் போடாதீர்கள். அடிவயிறு கல்லாகி, வலித்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், அல்லது குளிர்காய்ச்சல் திரும்பினால், விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நீங்கள் போடும் மற்ற மருந்துகளை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு டாம்சுலோசினை ஆரம்பிக்கலாம்: தினமும் ஒரே வேளை உணவுக்குப் பிறகு. முதல் சில இரவுகளில் எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு நில்லுங்கள்.