போர் தண்ணி உப்பாயிடுச்சு, கடல் தண்ணி பிளான்ட் போடலாமா?

சென்னை ஈஞ்சம்பாக்கத்துல 24 வீடு இருக்கிற ஒரு அப்பார்ட்மென்ட்ல இருந்து அசோசியேஷன் செக்ரட்டரி அம்மா ஒருத்தங்க எழுதியிருக்காங்க. கடல்ல இருந்து அரை கிலோமீட்டர் கொஞ்சம் கூட இருக்கும், 100 அடியில உப்பு வந்துச்சுன்னு 180 அடிக்கு இறக்கின போர், ரெண்டு வருஷமா தண்ணி கரிக்குது, டிடிஎஸ் (ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்ற கணக்கு) 4,200 காட்டுது. ஒரு ஏஜென்ட் வந்து "இது கடல் தண்ணி உள்ள வந்துடுச்சு மேடம், நெம்மேலியில கவர்மென்ட் போட்டிருக்கிற மாதிரியே உங்களுக்கும் ஒரு மினி பிளான்ட் போட்டுடலாம், 14 லட்சம்"னு சொல்லியிருக்கார், வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுத்தா 10 பர்சென்ட் குறைப்பாராம். கூடவே போரை 300 அடிக்கு இறக்கினா நல்ல தண்ணி வரும்னும் சொல்றாராம். காம்பவுண்ட் மூலையில பழைய வீட்டுக்காரங்க காலத்துக் கிணறு ஒண்ணு ஸ்லாப் போட்டு மூடிக் கிடக்குது, அதை இடிச்சுட்டு அங்கயே மெஷின் ரூம் கட்டிடலாமாம். "வாங்கலாமா சார், அந்தத் தண்ணிய குழந்தைங்க குடிச்சா ஒண்ணும் ஆகாதே?"ன்னு கேக்கறாங்க.

அம்மா, முதல் பதில், வாங்காதீங்க. ரெண்டாவது, போரை இறக்காதீங்க. மூணாவது, அந்தக் கிணத்து மேல யாரையும் கை வைக்க விடாதீங்க. இப்ப ஏன்னு சொல்றேன்.

உங்க போர்ல வர்றது கடல் தண்ணி இல்ல. கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமாரா 35 கிராம் உப்பு இருக்கும், அதாவது ரெண்டு டேபிள்ஸ்பூன். உங்க தண்ணியில இருக்கிறது 4.2 கிராம், முக்கால் டீஸ்பூன்கூட வராது. எட்டுல ஒரு பங்கு. ரெண்டையும் சுத்தம் பண்றது ஆர்ஓதான், ஆனா ரெண்டும் ஒரே மெஷின் கிடையாது. உப்பு எவ்வளவு கூடுதோ அவ்வளவு அழுத்தி தண்ணிய மெம்பிரேன் வழியா, அதாவது உப்பை நிறுத்திட்டு தண்ணிய மட்டும் விடுற சவ்வு வழியா, தள்ளணும். கடல் தண்ணிக்கு 55லேர்ந்து 70 பார் பிரஷர் வேணும், உங்க கார் டயர்ல இருக்கிறது 2 பார் சொச்சம்தான், அப்ப யோசிச்சுப் பாருங்க, அதைத் தாங்குற பம்பு, பைப்பு, ஸ்டீல் எல்லாமே வேற ரகம், வேற விலை. உங்க 4,200 தண்ணிக்கு 10, 15 பார் போதும். இதைத்தான் இந்த ஏஜென்ட்டுங்க யூஸ் பண்ணிக்கிறாங்க, பேரு மட்டும் கடல் தண்ணி பிளான்ட், உள்ள திறந்து பாத்தா சாதாரண உப்புத்தண்ணி ஆர்ஓவும் பதினஞ்சு பார் பம்பும்தான் இருக்கும். கொட்டேஷன்ல பம்பு எத்தனை பார், மெம்பிரேன் என்ன மாடல், 100 லிட்டர் உள்ள போனா எத்தனை லிட்டர் நல்ல தண்ணி வெளிய வரும், இந்த மூணையும் எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தரமாட்டேன்னு சொல்றவங்கள வாசலோட அனுப்பிடுங்க.

நெம்மேலி மாதிரின்னு சொன்னாரே, அது என்னன்னு தெரிஞ்சுக்கணும். 2010ல மீஞ்சூர்ல (காட்டுப்பள்ளியில) 10 கோடி லிட்டர் பிளான்ட், 2013ல நெம்மேலியில இன்னொரு 10 கோடி, 2024ல அதுக்குப் பக்கத்துலயே 15 கோடி, இது எல்லாம் ஒரு நாளைக்கு. அங்க கடலுக்குள்ள பைப் போட்டு தண்ணி எடுத்து, மணல் ஃபில்டர் எல்லாம் தாண்டி, மெம்பிரேன்ல தள்ளி, வெளிய போற உப்புத்தண்ணியில மிச்சம் இருக்கிற பிரஷரைக்கூட திரும்பப் பிடிச்சு உள்ள வர்ற தண்ணிக்கே குடுக்கறாங்க. அப்படிப் பண்ணியும் இந்த மாதிரி பெரிய பிளான்ட்ல ஆயிரம் லிட்டருக்கு 3லேர்ந்து 4 யூனிட் கரண்ட் ஆகும். சின்ன மெஷின்ல பிரஷரைத் திரும்பப் பிடிக்கிற ஏற்பாடு பெரும்பாலும் இருக்கவே இருக்காது, கரண்ட் பில்லு ஏறிட்டே போகும். அதோட கடல்ல இருந்து தண்ணி எடுக்கணும்னா கடலோர ஒழுங்குமுறை அனுமதி, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதின்னு எவ்வளவோ இருக்கு, அது ஒரு அப்பார்ட்மென்ட் பண்ற வேலையே இல்ல.

குழந்தைங்க குடிக்கலாமான்னு கேட்டீங்க. ஒழுங்கா பராமரிச்ச பிளான்ட்ல வர்ற தண்ணிய தாராளமா குடிக்கலாம். குவைத், கத்தார்ல குடிக்கிறது கிட்டத்தட்ட முழுக்க கடல்ல இருந்து எடுத்து உப்பை நீக்கின தண்ணிதான், இஸ்ரேல்ல பெரும்பங்கு இதுதான். உலகத்துல சுமார் 400 கோடி பேர் வருஷத்துல ஒரு மாசமாவது கடும் தண்ணித் தட்டுப்பாட்டுல இருக்காங்க, அவங்கள்ல நிறைய பேருக்கு இனிமே கடல்தான் வழி, அதை நான் குறை சொல்லவே இல்ல, என் வாழ்க்கையே இந்த மெம்பிரேன் வேலையிலதான் போயிருக்கு. நம்ம நாட்டுல பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும், அமெரிக்கரான சிட்னி லோபும் கலிஃபோர்னியாவுல 1960 வாக்குல அந்த மெம்பிரேனை நடைமுறைக்குக் கொண்டுவந்தாங்கன்றது நமக்கெல்லாம் பெருமை. ஆனா உங்களுக்கு அது தேவைப்படல, அவ்வளவுதான்.

ஏஜென்ட் உங்க வீட்டு டேபிள்ல ரெண்டு கிளாஸ் வெச்சு ஒரு டெஸ்ட் காட்டியிருப்பார், இல்ல இனிமே காட்டுவார், தயவுசெஞ்சு ஏமாறாதீங்க. ஒரு கிளாஸ்ல உங்க தண்ணி, ஒண்ணுல ஆர்ஓ தண்ணி, ரெண்டுலயும் கம்பி விட்டு கரண்ட் குடுப்பாங்க, ஒரு நிமிஷத்துல உங்க தண்ணி செங்கல் கலர்ல நுரைச்சுக்கிட்டு வரும், பாக்கிறவங்களுக்கு வயிறே கலங்கிடும். அது தண்ணியில இருந்த அழுக்கு இல்லீங்க, அந்த இரும்புக் கம்பி கரைஞ்சு வர்ற துரு. உப்பு இருந்தாதான் கரண்ட் பாயும், ஆர்ஓ தண்ணியில உப்பு இல்லாததால பாயல, கம்பி கரையல. போன வருஷம் ஒரு அசோசியேஷன் மீட்டிங்ல இதே டெஸ்ட்டை ஒருத்தர் காட்டினார், நான் கிச்சன்ல போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துட்டு வந்து அவரோட ஆர்ஓ கிளாஸ்லயே போட்டு இப்ப ஸ்விட்ச் போடுங்கன்னேன். ரெண்டு நிமிஷத்துல அதுவும் செங்கல் கலர். அங்க இருந்த பெரியவங்க ரெண்டு பேர் ஏற்கெனவே அட்வான்ஸ் குடுத்திருந்தாங்க, அந்தப் பணம் இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல.

இதே மாதிரி இன்னொண்ணு, சாஃப்ட்னர். அது கடினத்தன்மைய எடுக்கும், கால்சியத்த வாங்கிட்டு சோடியத்த விடும், உப்பைக் குறைக்காது, டிடிஎஸ் அப்படியேதான் நிக்கும். பைப்பு மேல காந்தம் மாட்டினா உப்பு போயிடும்னு விக்கிறாங்களே, அது டிடிஎஸ்ஸ ஒரு புள்ளிகூட குறைக்காது. கொதிக்க வெச்சாலும் உப்பு போகாது.

இப்ப எல்லாத்தையும் விட முக்கியமானது. ஆர்ஓ போட்டா பாதிக்குப் பாதி கழிவுத்தண்ணி வரும், உங்க கேஸ்ல அது 8,000 டிடிஎஸ்ஸுக்கு மேல இருக்கும். "அதை மழைநீர் குழியில விட்டுடலாம் மேடம், நிலத்தடி நீர் ஏறும்"னு சொல்லுவாங்க. விட்டீங்கன்னா உங்க போரையும் கெடுத்து பக்கத்து வீட்டு போரையும் கெடுத்துடுவீங்க. நான் போய்ப் பாத்த எத்தனையோ இடத்துல ஆர்ஓ போட்ட அடுத்த வருஷமே டிடிஎஸ் ஏறியிருக்கும், காரணம் தேடினா ஒரு பிவிசி பைப்பு நேரா ரீசார்ஜ் குழிக்குள்ள இறங்கிட்டிருக்கும். இதை யாராவது வந்து செக் பண்றாங்களா? பண்றதில்ல. மழைநீர் சேகரிப்பு இருக்கான்னு பேப்பர்ல டிக் போடுறாங்க, அந்தக் குழியில என்ன விடுறாங்கன்னு எட்டிப் பாக்க ஆள் இல்ல. இதே கடலோரத்துலதான் நெம்மேலி, பல கோடி லிட்டர் தினமும் வருது, ஆனா பக்கத்துத் தெருவுக்கு லைன் வர வருஷக்கணக்கா காத்திருக்கணும். இந்தக் கோபம் எனக்கு 20 வருஷமா இருக்கு.

போரை 300 அடி இறக்குற விஷயம். கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துட்டிருக்கு, எண்ணெய் தண்ணி மேல மிதக்குற மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா அது கீழ சுமார் 40 அடி வரைக்கும் உப்பை அமுக்கி வெச்சிருக்கும், அப்ப நீங்க மோட்டார் போட்டு மேல ஒரு அடி குறைச்சா கீழ உப்பு 40 அடி ஏறி வரும். கடலோரத்துல ஆழம் போனா உப்புதான் கிட்ட வரும். 100 அடியில உப்பு வந்துச்சுன்னு 180க்குப் போனவங்கதானே நீங்க? அங்கயும் அதே கதைதானே?

அதனாலதான் அந்தக் கிணத்த விட்டுடாதீங்கன்னு சொன்னேன். திருவான்மியூர்ல இருந்து கோவளம் வரைக்கும் கடலோரம் மணல் திட்டு, மழை பெஞ்சா சரசரன்னு உள்ள இறங்கி மேல் மட்டத்துலயே நல்ல தண்ணியா நிக்கும், அந்தக் காலத்துல 20 அடி, 25 அடி கிணத்துலயே இறைச்சுக் குடிச்ச ஊரு இது. 180 அடியில கரிச்சாலும் 20 அடியில நல்லா இருக்க வாய்ப்பு நிறைய. ஆனா இதுக்கும் சில விஷயம் இருக்கு, கவனமா படிங்க. உங்க இடம் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமா இருந்தா இது பொருந்தாது, அங்க பக்கவாட்டுலயே உப்பு வரும். கிணத்துக்குப் பக்கத்துல செப்டிக் டேங்க் இருந்தா தண்ணி தித்திப்பா இருந்தாலும் குடிக்கக் கூடாது, மணல்ல கழிவு சீக்கிரமா ஊறி வந்துடும், நைட்ரேட்டும் கோலிஃபார்மும் (கழிவு கலந்திருக்குன்னு காட்டுற பாக்டீரியா) கட்டாயம் பாக்கணும், நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போனா கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. பெரிய மோட்டார் போடாதீங்க, அரை ஹெச்பி போதும், கால் மணி நேரம் ஓட்டிட்டு அரை மணி நேரம் நிறுத்துங்க, தண்ணி ஊறட்டும், ஒரேயடியா இறைச்சா ஒரே கோடையில இதுவும் போர் மாதிரி ஆயிடும். லாரிக்காரனுக்கு வித்துடலாம்னு அசோசியேஷன்ல யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க, இந்தக் கரையோரமே அப்படி வித்துதான் கெட்டுச்சு.

கணக்கு ரொம்ப சிம்பிள். 24 வீடு, சுமாரா 96 பேர். குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர்னு தாராளமா வெச்சாலும் ஆயிரம் லிட்டர். அதுக்கு மணிக்கு 250 லிட்டர் ஆர்ஓ நாலு மணி நேரம் ஓடினா முடிஞ்சது, அதுவும் கிணத்துத் தண்ணி சரியா இல்லேன்னாதான். அந்த 14 லட்சத்துல ஒரு சின்ன பங்குதான் ஆகும். கழிவை எங்க விடப் போறோம்னு மட்டும் முன்னாடியே முடிவு பண்ணிட்டு போடுங்க, டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்கு தனி லைன் இருந்தா அதுலயே விட்டுடலாம். குளிக்க, துவைக்க கிணறும் மெட்ரோ வாட்டர் லாரியும். குளிக்க, துவைக்க எல்லாம் சேத்து 96 பேருக்கு ஒரு நாளைக்கு சுமார் 13,000 லிட்டர் ஆகும்னு வெச்சுக்கோங்க, அத்தனையையும் ஆர்ஓ பண்ணணும்னா இன்னொரு 13,000 லிட்டர் கழிவு வரும், அதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?

இந்த வாரமே ஸ்லாப்ப எடுங்க. எடுத்தவுடனே யாரும் உள்ள இறங்கக் கூடாது, மூடிக் கிடந்த கிணத்துல விஷவாயு இருக்கும். பழைய தண்ணிய ரெண்டு மூணு தடவை இறைச்சுக் கொட்டிட்டு, மறுநாள் காலையில ஊறின தண்ணியில ரெண்டு லிட்டர் சுத்தமான பாட்டில்ல பிடிங்க, கோலிஃபார்ம் டெஸ்ட்டுக்கு லேப்லயே தனி பாட்டில் தருவாங்க, அதுலயும் பிடிங்க. ஏஜென்ட் கையில குடுக்காம நீங்களே கொண்டுபோய் அங்கீகாரம் உள்ள லேப்ல குடுங்க, டிடிஎஸ், குளோரைடு, கடினத்தன்மை, நைட்ரேட், இரும்பு, கோலிஃபார்ம் இந்த ஆறும் கேளுங்க. டிடிஎஸ் 500க்குள்ள இருந்து மத்ததும் சரியா இருந்தா ஆர்ஓவே வேண்டாம், 2,000 தாண்டுச்சுன்னா எனக்கு எழுதுங்க. ரிப்போர்ட் கைக்கு வர நாலஞ்சு நாள் ஆகும், அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துடும், வந்துட்டுப் போகட்டும், அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.