அல்பேனியா போக லோன் வேண்டாம், ஒரு வருடம் போதும்

கேள்வி: நானும் கணவரும் ஈரோட்டில் வேலை பார்க்கிறோம். பத்தாவது திருமண நாளுக்கு ஐரோப்பா போக ஆசை. சுவிட்சர்லாந்து எல்லாம் கட்டுப்படியாகாது என்பதால் அல்பேனியாவை யோசிக்கிறோம். கையில் 1.2 லட்சம் இருக்கிறது. மாதம் 15,000 ஒதுக்க முடியும். டிராவல்ஸில் அல்பேனியா, மாண்டினீக்ரோ, குரோஷியா மூன்றையும் 8 நாளில் காட்ட இருவருக்கும் 4.4 லட்சம் கேட்கிறார்கள். 2.5 லட்சம் பர்சனல் லோன் போட்டு வரும் மே மாதமே போய்விடலாமா, இல்லை செப்டம்பர் வரை ஒரு வருடம் பொறுப்பதா?

பதில்: பொறுங்கள். மூன்று நாடுகளையும் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அல்பேனியா மலிவு என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் அங்கே இருப்பதுதான் மலிவு, போய்ச் சேருவது மலிவல்ல. உங்கள் பட்ஜெட்டில் பாதியை விமான டிக்கெட்டே எடுத்துக்கொள்ளும். அவ்வளவு கொடுத்துப் போன பிறகு இரண்டு நாள் கூடுதலாகத் தங்க அதிகம் செலவாகாது. ஆனால் ஒரு நாட்டைக் கூடுதலாகச் சேர்த்தால் விசா, போக்குவரத்து, விலைவாசி எல்லாமே ஏறும். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியிலும் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) யூரோவிலும் சேர்ந்துவிட்டது. அங்கே கால் வைக்க ஷெங்கன் விசா வேண்டும். ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. அல்பேனியா மட்டும் என்றால் வீட்டிலிருந்தே அவர்களுடைய இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஷெங்கன் விசா இருந்தால் அல்பேனியாவுக்குத் தனி விசா வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். அது பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும், அதை ஏற்கெனவே ஒருமுறையாவது ஷெங்கன் நாட்டில் பயன்படுத்தியிருக்க வேண்டும். முதல்முறை போகிற உங்களுக்கு இந்த வழி சரிவராது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு யூரோ 110 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 10 இரவுகள். இருவருக்கும் அறை ஒரு நாளைக்கு 40 யூரோ, சாப்பாடு 30, பஸ் 10, அருங்காட்சியகம், சிம், காபி எல்லாம் சேர்த்து 10. ஆக நாளைக்கு 90 யூரோ, 10 நாளுக்கு 900, அதாவது 99,000 ரூபாய். டிக்கெட்டுக்கு ஆளுக்கு 70,000 வீதம் 1.4 லட்சம். விசாவும் பயணக் காப்பீடும் 25,000. எதிர்பாராத செலவுக்கு 26,000. மொத்தம் 2.9 லட்சம். எல்லாமே நான் கைதாராளமாகப் போட்ட மதிப்பீடுகள்தான். டிக்கெட் விலை மட்டும் தேதியைப் பொறுத்து நிறைய ஆடும்.

லோன் எடுத்தால் என்ன ஆகும்? 2.5 லட்சத்துக்கு 14% வட்டி, இரண்டு வருடம் என்றால் மாதத் தவணை 12,000, வட்டி மட்டும் சுமார் 38,000. அந்தப் பணத்தில் நீங்கள் இருவரும் அல்பேனியாவில் இன்னும் நான்கு நாள் தங்கலாம். திருமண நாள் கொண்டாடிவிட்டு வந்து, அடுத்த இரண்டு திருமண நாளும் அதற்குத் தவணை கட்டுவதை நான் பார்க்க விரும்பவில்லை.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். கையிலிருக்கும் 1.2 லட்சம் டிக்கெட்டுக்கு. முதல் மூன்று மாதம் ஒதுக்கும் 45,000-ஐ சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள். டிக்கெட்டில் குறையும் 20,000-மும் விசா, காப்பீட்டுக்கான 25,000-மும் அதில் சரியாகிவிடும். நான்காம் மாதத்திலிருந்து 15,000-க்கு 9 மாத ஆர்.டி. போடுங்கள். அதில் சேரும் 1.35 லட்சம் அங்கே செலவுக்கு. இந்தப் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், ஒரு வருடம் அதற்குப் போதாது.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அந்த 1.2 லட்சம்தான் உங்கள் அவசரகால நிதியா? அப்படியானால் அதைத் தொடாதீர்கள், பயணத்தை இன்னொரு வருடம் தள்ளுங்கள். அல்பேனியா எங்கேயும் போகாது.

செப்டம்பர் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் சரண்டா, க்சமில் போன்ற கடற்கரை ஊர்களில் அறை வாடகை ஏறிவிடும். செப்டம்பரில் கூட்டம் கலையும், கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கடற்கரையில் மூன்று இரவு போதும். மீதியை தலைநகர் திரானா, பெராத், ஜிரோகாஸ்தர் என்று பிரியுங்கள். பெராத்தும் ஜிரோகாஸ்தரும் யுனெஸ்கோ பாரம்பரிய ஊர்கள். கோட்டையடியில் பழைய கல்வீடுகளையே விருந்தினர் விடுதியாக்கியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ரயிலை நம்பாதீர்கள். பஸ்ஸும், ஃபுர்கோன் என்று அவர்கள் சொல்லும் வேனும்தான். அதற்கு ரொக்கம் வேண்டும். சைவமாக இருந்தால் கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்த ப்யூரெக் என்ற மாவுப் பலகாரம் காலைச் சாப்பாட்டுக்குக் கைகொடுக்கும். சமையல் வசதியுள்ள அறை கிடைத்தால் சாப்பாட்டுச் செலவு இன்னும் இறங்கும்.

அப்புறம் பணத்தைக் கொண்டுபோகும் விதம். அல்பேனிய நாணயமான லெக் இங்கே கிடைக்காது, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டிலும் ஏற்ற முடியாது. யூரோ ஏற்றிய கார்டை அங்கே லெக்கில் தேய்த்தால் நாணய மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். பல கிரெடிட் கார்டுகளில் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து லட்சத்துக்கு 4,130 ரூபாய் போகும். அதனால் பாதிப் பணத்தை யூரோ நோட்டாக எடுத்துப் போய் திரானாவில் கமிஷன் இல்லாத மாற்றுக் கடையில் மாற்றுங்கள். மீதிக்கு, வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். ஏ.டி.எம். ரூபாயில் கணக்குப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று லெக்கையே அழுத்துங்கள். அங்கே பல ஏ.டி.எம்.களில் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் உண்டு, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள்.

இன்னொன்று. 1965-ல் அல்பேனியா தன் நாணயத்தில் ஒரு சைபரை எடுத்தது. ஆனால் மக்கள் இன்றும் பேச்சில் பழைய கணக்கிலேயே விலை சொல்வதுண்டு. டாக்சிக்காரர் 5,000 என்றால் அது 500 லெக்காக இருக்கலாம். நோட்டை நீட்டும் முன் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

டிராவல்ஸில் இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் இந்த வாரமே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கட்டியிருந்தால் ரத்து விதிகளை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.