பெயரை நம்பிக் கப்பல் வாங்காதீர்கள்

கேள்வி: பின்புறத்தில் ‘டெமரேர்’ என்று எழுதிய பழைய பாய்மரப் போர்க்கப்பல் மாதிரி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. பக்கவாட்டில் மூன்று வரிசை பீரங்கித் துளைகள். பிரெஞ்சுக் கப்பல், சான்றிதழும் உண்டு என்று தரகர் கூடுதல் விலை கேட்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். மூன்று வரிசை என்றால் அது பிரிட்டிஷ் டெமரேர். இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் கட்டி 1798இல் கடலில் இறக்கிய 98 பீரங்கிக் கப்பல். 1805இல் பிரிட்டன் பிரெஞ்சு-ஸ்பானியக் கூட்டுப் படையை வென்ற டிரஃபால்கர் கடற்போரில், தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பலுக்கு நேர் பின்னால் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1782இல் இறக்கிய டெமரேர், பிரெஞ்சுக் கப்பல் வடிவமைப்பாளர் சானே வரைந்த 74 பீரங்கிக் கப்பல். அதற்கு இரண்டே வரிசை.

அந்தக் காலத்தில் பிரிட்டன் 98 பீரங்கிகளை மூன்று தளங்களில் அடுக்கியது. கப்பல் உயரமாக, நீளம் குறைந்து இருக்கும். பிரான்ஸோ 80 பீரங்கிகளைக்கூட நீண்ட இரண்டு தளங்களிலேயே வைத்தது. எண்ணும்போது முழு நீளத்துக்கும் ஓடும் வரிசைகளை மட்டும் எண்ணுங்கள். மேலே முன்னும் பின்னும் நிற்கும் சில துளைகளைச் சேர்த்தால் கணக்கு தப்பும்.

பெயரும் கொடியும் சாட்சி ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தரகர்கள் பெயரைக் காட்டித்தான் விற்கிறார்கள். பிரிட்டிஷ் டெமரேரின் பெயரே 1759இல் போர்ச்சுகல் கரையருகே நடந்த லாகோஸ் கடற்போரில் பிடித்த பிரெஞ்சுக் கப்பலிடமிருந்து வந்தது. எகிப்துக் கரையில் நடந்த நைல் கடற்போரில் 1798இல் பிடிபட்ட பிரெஞ்சு ‘டொனான்’, பெயர் மாறாமல் டிரஃபால்கரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்டது. 1801இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த பிரிட்டிஷ் ‘ஸ்விஃப்ட்ஷூர்’ அதே டிரஃபால்கரில் பிரெஞ்சு அணியில் நின்றது. அன்று பிரிட்டிஷ் அணியிலும் இன்னொரு ஸ்விஃப்ட்ஷூர் இருந்தது! எங்கே கட்டினார்கள், யார் ஓட்டினார்கள் என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் பதில் கேளுங்கள்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். விற்பவர் சொன்னதை அப்படியே பட்டியலில் அச்சடித்துவிட்டு, ‘உள்ளது உள்ளபடி’ என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டுக் கைகழுவும் ஏல முறை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்களைக்கூட அளந்து பிரிட்டிஷ் கடற்படை வரைபடம் போட்டு வைத்தது. அவற்றில் ஏராளமானவை லண்டன் கிரீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

முன்பணம் கொடுக்கும் முன் நேர்ப் பக்கவாட்டுப் படம் ஒன்றும் பின்புறப் படம் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். எந்த வரைபடத்தைப் பார்த்துச் செய்தது என்றும் எழுத்தில் கேளுங்கள். தரகர் மழுப்பினால் அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள்.