எதிர் கடைக்கு மட்டும் கம்மி ரேட், டிராய் ஃபைலை கோர்ட்டுல வாங்க முடியுமா?

காரிமங்கலம் பக்கம் பிரவுசிங் சென்டர் வச்சிருக்க தம்பி ஒருத்தர் மூணு பக்கம் எழுதி அனுப்பியிருக்காரு. விஷயம் இதுதான்: பிராட்பேண்ட் மாசம் 1,499, ஒரு வருஷத்துக்கு ஏறாதுன்னு ஏஜென்ட் வாட்ஸ்அப்புல சொல்லி கனெக்‌ஷன் குடுத்தாரு, அஞ்சாவது மாசமே 2,199 ஆயிருச்சு, எதிர் கடைக்கு மட்டும் பழைய ரேட்டே ஓடுது. கேட்டா அது ஸ்பெஷல் பிளானாம். அதுக்கு டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ரகசியமா அப்ரூவல் குடுத்திருக்குன்னு நெனச்சு, அந்த ஃபைல கேட்டு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டாரு, வணிக ரகசியம்னு அந்த சட்டத்தோட 8(1)(டி) பிரிவ காட்டி மறுத்துட்டாங்க. இப்ப ஹைகோர்ட்டுல ரிட் போடணுமாம், அதுவரைக்கும் பில்லு கட்ட மாட்டாராம்.

தம்பி, எதிர் கடைக்காரர் உங்கள பாத்து சிரிக்கிறாரு, ஏஜென்ட் போன் எடுக்கல, இதெல்லாம் எனக்கு வேணாம். டிராய் ரகசியமா அப்ரூவல் குடுத்துச்சுங்கறதே தப்பு, பெரும்பாலான பிளானுக்கு முன்அனுமதியே கெடையாது, கம்பெனி ரேட்ட அமலுக்கு கொண்டு வந்துட்டு 7 வேலை நாளுக்குள்ள டிராய்க்கு தெரிவிச்சா போதும். குறிப்பிட்ட ஆளுங்களுக்கு மட்டும் குடுக்குற ஆஃபர் பிரச்சனை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2020 நவம்பர்ல ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ரெண்டு பேரும் டிராய் கேக்குற விவரத்த குடுக்கணும்னு சொன்ன கோர்ட், டிராய் அத ரகசியமா வச்சுக்கணும்னும் சேத்து சொல்லிருச்சு. அந்த ஃபைல் உங்க கைக்கு வராது, வந்தாலும் உங்க பில்லுல பத்து பைசா குறையாது.

உங்க கேஸ் ஒரே இடத்துலதான் நிக்குது. பிளான்ல சேந்த தேதியிலேருந்து 6 மாசத்துக்கு ரேட்ட ஏத்தக்கூடாதுன்னு டிராய் கட்டண ஆணையிலயே இருக்கு, உங்களுக்கு அஞ்சாம் மாசமே ஏத்திட்டாங்க. வாட்ஸ்அப் மெசேஜ் கையில இருந்தா 12 மாசம் வரைக்கும் கேக்கலாம், 8 மாசம், மாசம் 700, மொத்தம் 5,600 ரூபா. நீங்க ரேட் ஏறுனதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் 22 மாசத்துக்கு 15,400ன்னு எழுதியிருக்கீங்க, வருஷம் முடிஞ்சப்புறமும் தெரிஞ்சே கட்டிட்டு இருந்ததுக்கு என்னன்னு கேக்குறது?

எனக்கு பயம் அந்த 22 மாசம்தான். நீங்க போக வேண்டியது நுகர்வோர் கோர்ட், அங்க கேஸ் போட நுகர்வோர் சட்டம் 69வது பிரிவுல கெடு 2 வருஷம். மாசாமாசம் வந்த பில்லு ஒவ்வொண்ணும் தனின்னு வாதாடி பாக்கலாம், ஆனா அந்த பக்க வக்கீல் மொத பில்லு தேதியத்தான் புடிப்பாரு, நானா இருந்தாலும் அதத்தான் புடிப்பேன். பென்னாகரத்து கட்சிக்காரர் ஒருத்தர் ஆர்டிஐ, அப்பீல், டெல்லி தகவல் கமிஷன்னு அலைஞ்சு வந்த ஆர்டரையெல்லாம் லேமினேட் பண்ணி கட்டப்பையில போட்டு தூக்கிட்டு வந்தாரு, நான் கேட்டது மொத பில்லு தேதி ஒண்ணுதான், பாத்தா ரெண்டு வருஷம் தாண்டி அஞ்சு மாசம். ஆர்டிஐ பதிலுக்கு காத்திருந்தேன்னு தாமத மனு போட்டோம், தள்ளுபடி. ஆர்டிஐ போட்டாலும் கம்பெனிக்கு நூறு மெயில் அனுப்புனாலும் கெடு நிக்காது.

இன்னொண்ணு, மனுவுல கெத்துக்கு நாலு ஆளு வேல செய்யுறாங்க, ஒரு நாளைக்கு இவ்ளோ நஷ்டம்னு எழுதிராதீங்க, வணிக நோக்கம், நீங்க நுகர்வோரே இல்லன்னு வாசல்லயே நிறுத்திருவாங்க. நீங்களும் வீட்டம்மாவும் உக்காந்து பாக்குற பொழப்புன்னா அப்படியே எழுதுங்க. பில்ல நிறுத்தாதீங்க, லைன் கட்டாகி பாக்கின்னு அவங்க நோட்டீஸ் விடுவாங்க. அந்த வாட்ஸ்அப் இருக்க போன மாத்தவும் வேணாம்.

நுகர்வோர் கோர்ட்டுல 5 லட்சம் வரைக்கும் மனு கட்டணம் கெடையாதுதான், ஆனா தர்மபுரி கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா கடைய சாத்திட்டு வந்தா 5,600 எங்க போகும்னு நீங்களே கணக்கு போடுங்க. அதனால மொதல்ல ஒரு நோட்டீஸ், 15 நாள் டைம். 4,000 ரூபாய பில்லுல கழிச்சுக்கறோம்னு வந்தாங்கன்னா வாங்கிக்குங்க, வரவு பில்லுல ஏறுறதுக்கு முன்னாடி முழு தீர்வுன்னு எதுலயும் கையெழுத்து போட்டுறாதீங்க. பதிலே வரலன்னா அடுத்த மாசம் கடைசிக்குள்ள பில்லுங்கள எடுத்துட்டு வாங்க, எதிர் கடைக்காரர் பில்லு வேணாம்.