லாங் பீச்சில் எங்கே சாப்பிடுவது?

கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்குக் குடிவந்ததிலிருந்து ஆப்பில் ஆர்டர் செய்தே சாப்பிடுகிறோம், உள்ளூர்க் கடைகளுக்கு நம் பணம் போகவேண்டும், ஆனால் மனைவி சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, முதலில் ஆப்பை விடுங்கள். கமிஷன் 30 சதவீதம் வரைகூடப் போகும். சின்னக் கடைக்கு லாபமே அவ்வளவு நிற்காது. போனில் சொல்லிவிட்டு நேரில் போய் வாங்குங்கள்.

அப்புறம் அனஹைம் சாலைக்குப் போங்கள். அதில் அட்லாண்டிக், ஜூனிபெரோ என்ற இரு தெருக்களுக்கு இடையிலான பகுதிக்கு 2007இல் கம்போடியா டவுன் என்று நகராட்சியே பெயர் வைத்தது. 1970களில் கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி வந்த குடும்பங்கள் எழுப்பிய இடம். புனோம் பென் நூடுல் ஷாக் என்ற உணவகம் 1985 முதல் அங்கே நடக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு குய்தீவ், அதாவது சூப்பில் போட்ட அரிசி நூடுல்ஸ், உங்களுக்குப் பிடிக்கும்.

மனைவிக்குத்தான் சிக்கல். வெறும் காய்கறி வதக்கலில்கூட மீன் சாஸ் இருக்கும். சிலவற்றில் ப்ரஹோக் என்ற புளித்த மீன் விழுதும் சேரும். "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, மீன் சாஸும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள்.

டோனட் கடைகளை மறக்காதீர்கள். இந்தப் பக்கம் தனிக்கடைகளில் பெரும்பாலானவை கம்போடியக் குடும்பங்களுடையவை. 2018இல் பக்கத்து சீல் பீச்சில், மனைவிக்கு உடம்பு முடியாமல் போன கடைக்காரர் நன்கொடை வேண்டாம் என்றுவிட்டார். ஊர்க்காரர்கள் விடியற்காலையிலேயே டஜன் டஜனாக வாங்கித் தீர்த்து, அவரைச் சீக்கிரம் மனைவியிடம் அனுப்பிவைத்தார்கள். நீங்களும் காலையிலேயே போங்கள், நல்லதெல்லாம் முதலில் தீரும். முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.