பெயிண்ட், மேக்கப், டிஎன்ஏ: எல்லா இடத்திலும் ‘பிரைமர்’ என்கிறார்களே, ஒன்றுதானா?

நான் ஹார்டுவேர் கடைக்காரன். எனக்குப் பிரைமர் என்றால் பெயிண்டுக்கு முன்னால் அடிப்பது, அவ்வளவுதான். போன வருடம் பயோடெக்னாலஜி படிக்கும் மகள் போனில், “பிரைமர் ஆர்டர் போட்டிருக்கோம்ப்பா, வர ஒரு வாரம் ஆகும்” என்றாள். “நம்ம கடையிலேயே இருக்கே, எத்தனை லிட்டர் வேணும்?” என்று கேட்டுவிட்டேன். இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

முதலில் என் பிரைமர். புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் பெயிண்டைக் குடிக்கும். அதில் காரமும் இருக்கும். பிரைமர் அந்தக் குடிப்பை அடக்கி, மேலே வரும் பெயிண்டுக்குப் பிடிப்புக் கொடுக்கும். இரும்புக்கு ரெட் ஆக்சைடு. வேடிக்கை என்னவென்றால், துருவும் இரும்பு ஆக்சைடு, அந்தச் செங்காவி நிறமியும் இரும்பு ஆக்சைடுதான்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. என் வீட்டு கேட்டில் நானே கோட்டை விட்டேன். ரெட் ஆக்சைடு, மேலே இரண்டு கோட் எனாமல். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, வாழைச்சருகு மாதிரி உரிந்து வந்தது. தகட்டின் மேல் இருக்கும் துத்தநாகம் எனாமலில் உள்ள எண்ணெயோடு வினைபுரிந்து நடுவில் சோப்புப் படலம் மாதிரி ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. அதற்கென்றே எட்ச் பிரைமர் இருக்கிறது. ஊருக்கெல்லாம் அதை விற்றவன் நான்!

மகளுடைய பிரைமர் வேறு சாதி. டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்ற நொதிக்கு வெறுமையிலிருந்து தொடங்கத் தெரியாது. ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டின் முனையிலிருந்துதான் நீட்டிக்கொண்டு போகும். சுமார் 20 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டுதான் பிரைமர். வேண்டிய பகுதியின் இரு முனைக்கும் ஒவ்வொன்று போட்டால் நடுவில் இருப்பது மட்டும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகும். 30 சுற்றில், கணக்குப்படி, ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். 1983இல் கேரி மல்லிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்ட வழி இது. 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையும் இதே வேலைதான். வைரஸின் மரபணுவுக்குப் பொருந்தும் பிரைமர் என்பதால், வைரஸ் இருந்தால்தான் நகல் பெருகும்.

ஆக, என்னுடையது ஒட்ட வைக்கிறது, அவளுடையது தொடங்கி வைக்கிறது. மேக்கப் பிரைமர் என் கட்சி: பெரும்பாலும் சிலிக்கோன், தோலின் குழிகளை நிரவி மேல்பூச்சை நிற்க வைப்பது. துப்பாக்கித் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் மகள் கட்சி. ஊசி தட்டியதும் பொறி கிளப்பி வெடிமருந்தைப் பற்ற வைக்கும். இப்படித் தட்டிப் பற்ற வைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் ஃபோர்சித் ஒரு பாதிரியார். பழைய துப்பாக்கி முதலில் பளிச்சென்று மின்னியதும் பறவைகள் உஷாராகிப் பறந்துவிடும் கடுப்பில் செய்தாராம்! கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளப்புகிறோமே, அந்தப் பிரைமிங்கும் இதே வகை.

புத்தகப் பிரைமர் என்றால் நம் அரிச்சுவடி. அமெரிக்கர்கள் இதை மட்டும் ‘பிரிம்மர்’ என்பார்கள்.

அப்புறம், கடைக்கு வந்து “பிரைமர் ஒரு லிட்டர்” என்று மட்டும் கேட்காதீர்கள். சுவரா, மரமா, இரும்பா, ஜிஐயா என்று சொல்லுங்கள்.