ஷார்ட் லைன் ரயிலும் மாநிலப் பணமும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஷார்ட் லைன் எனப்படும் சிறு சரக்கு ரயில் நிறுவனங்கள் சுமார் 600 இருக்கின்றன. 1980-ல் ரயில் துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்தபின் பெரிய ரயில் நிறுவனங்கள் தங்களுக்குக் கட்டுப்படியாகாத கிளைப்பாதைகளைக் கைகழுவின. அவற்றை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ ஓட்டுபவர்கள்தான் இவர்களில் பெரும்பாலோர். இந்தப் பாதைகளைச் சரிசெய்ய மாநில அரசுகள் பணம் கொடுப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பல வருடம் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பாதை மோசமாக இருந்தால் மெதுவாகப் போகட்டுமே. கோதுமை என்ன கெட்டா போய்விடும்?

கோதுமை கெடாது தம்பி, கணக்குதான் கெடும். பாதையின் தரத்தை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், எண் கூடக்கூடத் தரமும் வேகமும் கூடும். முதல் வகுப்புப் பாதையில் சரக்கு ரயில் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது. 60 மைல் தள்ளி ஒரு தானியக் கிடங்கு இருக்கிறது என்று வையுங்கள். போக 6 மணி நேரம், வர 6 மணி நேரம். ரயில் ஊழியர் ஒரு தடவைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது மத்திய சட்டம். ஒரு வேகனைக்கூடக் கோக்காமல், கழற்றாமல் அன்றைய நேரம் முடிந்துவிடும். இரண்டாம் வகுப்புக்கு உயர்த்தினால் வேகம் 25 மைல். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. நடுவில் ஏழு மணி நேரம் உருப்படியான வேலைக்குக் கிடைக்கிறது. அதே ஆட்கள், அதே இன்ஜின்.

கேள்வி: மானியத்தை வாங்கி அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பெரும்பாலும் தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையை மாற்றுவதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளைப்பாதையில் மேஸ்திரி ஒருவரோடு நடந்துகொண்டிருந்தேன். அவர் குனிந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்க வேண்டிய ஆணியை இரண்டு விரலால் உருவி என் கையில் வைத்தார். ஓட்டைக்குள் கட்டை ஈரமான பீடித்தூள் மாதிரி உதிர்ந்தது. அடுத்த கட்டையும் அப்படியே. ஐந்தாவது கட்டையில்தான் ஆணி அசையவில்லை.

அந்தப் பாதை சட்டப்படி தேறிய பாதை! நேர்பாதையில் 39 அடிக்கு ஏறத்தாழ 24 கட்டை இருக்கும். அதில் 5 நல்ல கட்டை, தண்டவாளங்கள் சேரும் இணைப்புப் பக்கம் சரியாக அமைந்திருந்தால், முதல் வகுப்புக்குப் போதும். இரண்டாம் வகுப்புக்கு 8 வேண்டும். ஏட்டில் வித்தியாசம் மூன்றே கட்டைதான். ஆனால் போட்டது பத்துப் பதினைந்து வருடமாவது நிற்க வேண்டுமே. அதனால் நான் பார்த்த வேலைகளில் மைலுக்கு 800, 1,000 என்று மாற்றுவார்கள். அப்புறம் ஜல்லி கொட்டி, மட்டம் பார்த்து இறுக்குவது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுமே புதிதாகத் தெரியாது. ரிப்பன் வெட்ட ஆளும் வராது. இந்த வேலைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி வாதாட வேண்டியிருப்பதே அதனால்தான்.

கேள்வி: 286 என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

சரக்கோடு சேர்த்து ஒரு வேகனின் எடை: 2,86,000 பவுண்டு, கிட்டத்தட்ட 130 டன். முன்பு 2,63,000 பவுண்டுதான் வழக்கம். பெரிய நிறுவனங்களின் பாதையில் இப்போது 286-தான் பொது அளவு. கிளைப்பாதையின் பழைய மரப்பாலம் அதைத் தாங்காவிட்டால் விவசாயி வேகனுக்குச் சுமார் 10 டன் குறைத்து ஏற்ற வேண்டும். நூறு வேகனுக்கு ஆயிரம் டன் போச்சு. அதனால் கட்டைக்கு அடுத்தபடியாகப் பாலத்துக்குப் பணம் கேட்கிறார்கள்.

கேள்வி: மத்திய அரசின் வரிச் சலுகை இருக்கிறதே சார், அது போதாதா?

ஷார்ட் லைன்கள் பாதைப் பராமரிப்புக்குச் செய்யும் செலவுக்கான சலுகை அது, வரிச் சட்டப் பிரிவின் பெயரால் 45ஜி என்பார்கள். 2020 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கினார்கள். 2023 முதல் செலவில் 40 சதவீதம் வரியில் கழியும், ஆனால் மைலுக்கு 3,500 டாலர்தான் உச்சவரம்பு. 50 மைல் பாதைக்கு அதிகபட்சம் வருடம் 1,75,000 டாலர். ஒரு கட்டை வாங்கி, பழையதைப் பிடுங்கி, புதிதைப் போட 100 டாலருக்குக் குறையாது. மைலுக்கு 1,000 கட்டை என்றால் 50 மைலுக்கு 50 லட்சம் டாலர். வருடாவருடம் ஒட்டுப்போட இந்தச் சலுகை உதவும், நல்ல சலுகைதான். மொத்தப் பாதையையும் தூக்கி நிறுத்த அது பத்தாது.

கேள்வி: எந்த மாநிலம் நன்றாகச் செய்கிறது?

எனக்குப் பிடித்தது விஸ்கான்சின். மாநிலப் பணத்தை ரயில் பாதையில் போட அங்கே 1992-ல் அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். கைவிடப்பட இருந்த பல பாதைகளின் நிலம் இன்று மாநிலத்துடையது. ஓட்டுவது மட்டும் தனியார். சீரமைப்புச் செலவில் 80 சதவீதம் வரை மாநிலம் தரும்.

வாஷிங்டன் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், பலூஸ் கோதுமை வட்டாரத்தில் 297 மைல் பாதையை 2007-க்குள் முழுவதுமாக வாங்கியேவிட்டது. பென்சில்வேனியா வழி வேறு. மானியத் திட்டம் ஒன்றில் 70 சதவீதம் வரை மாநிலம் தருகிறது, மீதியை விண்ணப்பித்தவர் போட வேண்டும். ரயில் நிறுவனம் மட்டுமல்ல, ரயிலில் சரக்கு அனுப்பும் ஆலையும் கேட்கலாம்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து கேட்கிறேன். எங்கள் அரசு முதலீட்டு நிறுவனமான ஜிஐசி, கனடாவின் புரூக்ஃபீல்டு முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2019-ல் ஷார்ட் லைன்களை நடத்தும் ஜெனசி அண்ட் வயோமிங் குழுமத்தை வாங்கியது. அவ்வளவு பெரிய கைகளுக்கு வரிப்பணம் எதற்கு?

நியாயமான கேள்வி அக்கா. அந்த ஒரு குழுமத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் நிறுவனங்கள் இருக்கின்றன. முதலாளி பெரியவர்தான். ஆனால் அவர் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகத்தான் எடைபோடுவார். வாரம் இருபது வேகன் போகிற பாதையில் புதுப் பாலம் கட்டினால் போட்ட பணம் வராது என்று தெரிந்தால் மூடத்தான் பார்ப்பார். மூடினால் நஷ்டப்படுவது அந்த ஊர். ஒரு வேகன் சரக்குக்கு மூன்று நான்கு லாரி வேண்டும், அந்த லாரிகளின் கீழ் நசுங்குவது மாநிலத்தின் சாலை.

ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்கக்கூடாது. நிறுவனம் தன் பங்கைக் கட்டாயம் போட வேண்டும். இத்தனை வருடத்துக்குள் மூடினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். நிலம் பொதுக் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டுகிறவர் போனாலும் பாதை நிற்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாதையில் வாரம் இரண்டு தடவைதான் ரயில். அதற்கும் செலவு செய்யலாமா?

ரயில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணாதீர்கள், வேகன் எத்தனை என்று எண்ணுங்கள். தானியக் கிடங்கிலும் உரக்கடையிலும் போய், வேகம் கூடினால் லாரியில் அனுப்புவதில் எவ்வளவு ரயிலுக்கு மாறும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடுதாசி கொடுக்க ஒருவரும் முன்வராவிட்டால் அந்தப் பணம் வேறு பாதைக்குப் போவதே சரி. இரண்டு பேர் கொடுத்தாலும் விண்ணப்பியுங்கள், முதலில் பாலங்களின் தாங்குதிறன் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். 2010 விதிப்படி ஒவ்வொரு பாலத்துக்கும் அதை வைத்திருப்பது பாலத்துக்குப் பொறுப்பான ரயில் நிறுவனத்தின் கடமை. எந்தப் பாலம் 286-ஐத் தாங்காது என்று அதில் இருக்கும். அங்கிருந்துதான் மதிப்பீடு போட ஆரம்பிக்க வேண்டும்.